பீரோவுக்குப் பின்னாலிருந்த சுவர்

போன மாதம் நகரத்தில் ஒரு கூடத்தில் என் படங்களை மாட்டியிருந்தார்கள். பார்க்க வந்த ஒரு பெண் போனை என் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டு கேட்டாள்: "எந்த ஆதரவும் இல்லாம இத்தனை வருஷம் எப்படி மேடம் விடாம வரைஞ்சீங்க? உள்ளுக்குள்ள ஒரு நெருப்பு எரிஞ்சிக்கிட்டே இருந்திருக்கும், இல்ல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வயதானால் கோபம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. "எனக்குள்ள ஒண்ணும் எரியலம்மா. மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிஞ்சுது. அதுல வஜ்ஜிரம் காய்ச்சினேன். அப்புறம், ஊட்டுல ஒரு பீரோ இருந்துச்சு" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். பீரோ நிறையப் பணம் வைத்திருந்த குடும்பம் என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் நான் சொன்னது அப்பட்டமான உண்மை. அதைச் சரியாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பூந்தமல்லியில் பிறந்தவள். டிராயிங் ஹையர் கிரேடு பரீட்சை பாஸ் செய்த கையோடு கல்யாணம் ஆகி ஆவடிக்கு வந்தேன். எண்பதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரருக்கு அங்கே பாதுகாப்புத் துறை பாக்டரியில் வேலை, சொந்த ஊர் ஆற்காடு பக்கம். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஒரு ஹால், ஒரு அறை, சமையல் கட்டு, சிவப்புக் காவித் தரை. பக்கத்து வீட்டில் திருநெல்வேலி, எதிரே தருமபுரி, பின்னால் மாயவரம். நாலு வீட்டைக் கடப்பதற்குள் தமிழ் நாலு தடவை மாறிவிடும். பாக்டரி சங்கு ஊதினால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் உலை வைப்போம். சங்கு ஊதினால் எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில் சைக்கிளில் வருவார்கள். எங்களுக்குக் கடிகாரமே தேவைப்படவில்லை.

எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லா வீட்டிலும் பீரோ ஒரே மூலையில்தான் நிற்கும். உள் அறையில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், வலது கோடியில். வாஸ்துவும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை காண்டிராக்டர் ஆட்கள் சுண்ணாம்பு அடிக்க வருவார்கள். கட்டில், பெட்டி, பாத்திரம் எல்லாவற்றையும் நாமே நடு வீட்டுக்கு இழுத்துப் போட்டு வைக்க வேண்டும். பீரோவை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அவர்கள் தூக்கினால் உள்ளே இருப்பதற்கு யார் பொறுப்பு? நாம் நகர்த்தினால் யாருக்கு இடுப்பு பிடிக்கும்? அதனால் பீரோவைச் சுற்றி அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். குடும்பம் காலி செய்யும்போது சுவரில் பீரோ உயரத்துக்கு ஒரு பழுப்புக் கட்டம் தெரியும். புதிதாக வரும் குடும்பம் அந்த அசிங்கத்தை மறைக்கத் தன் பீரோவைக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்தும். அப்படித்தான் பீரோவின் இடம் தலைமுறை தலைமுறையாக முடிவாகியிருந்தது.

எங்கள் சாமான் வந்து இறங்கிய அன்று அந்தக் கட்டத்தை நான் கையால் தடவிப் பார்த்தேன். வீட்டின் மற்ற சுவர்களில் சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பு ஏறி, தொட்டால் மாவு கொட்டும். அதில் எந்த வண்ணமும் நிற்காது. இந்தக் கட்டத்தில் மட்டும் வீடு கட்டிய நாளில் பூசிய பூச்சு அப்படியே இருந்தது. சொரசொரவென்று, கெட்டியாக. வண்ணத்தைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும் பூச்சு. பெரிய காகிதம் வாங்க வழியில்லாதவளுக்கு ஆள் உயரத்துக்கு ஒரு படச்சுவர். என் அம்மா வீட்டுச் சீராக வந்த பீரோவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வாசலில் நின்று, "எங்கம்மா வைக்கிறது?" என்று கேட்டபோது நானும் அதே மூலையைத்தான் காட்டினேன். காரணம் வேறு.

பிறகு நான் செய்தது இதுதான். எங்கள் பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, மத்தியானச் சங்கு ஊதி, சாப்பிட வந்த ஆண்கள் திரும்பிப் போனதும் கதவைச் சாத்துவேன். பீரோவின் கால்களுக்கு அடியில் ஈரக் கோணியைச் செருகி, சுவரில் முதுகைக் கொடுத்துக் காலால் உதைத்துத் தள்ளுவேன். கர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு அது நகரும். நான் நின்று கை வீச அளவு இடம் வந்ததும் வரைவேன். பையன் வரும் நேரத்துக்கு மறுபடி தள்ளிச் சாத்திவிடுவேன். தரையில் பீரோ கால் கீறிய தடத்தைப் பாயை விரித்து மறைத்தேன்.

வண்ணமெல்லாம் சிமெண்டுத் தரைக்குக் கலக்கும் தூள். காவி, மஞ்சள், கறுப்பு, கொஞ்சம் பச்சை. பூந்தமல்லியில் முஸ்லிம் பாய் ஒருவரின் ஹார்டுவேர் கடையில் வாங்குவேன். அவருக்கு என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

"என்னம்மா, இன்னுமா தரை போட்டு முடியல?"

"முடியல பாய்."

"அரண்மனையா கட்டுறே? இவ்வளவு காவி போயிருக்கே!"

"தரையை நிக்க வெச்சுப் போடுறேன் பாய். வழிஞ்சிடுது."

அவர் அதற்கு மேல் கேட்டதில்லை. பொட்டலம் கட்டும்போது ஒரு கை கூடப் போடுவார். தச்சர்கள் பலகை ஒட்டும் வஜ்ஜிரமும் அங்கேதான் வாங்குவேன். அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் காய்ச்சித் தூளோடு கலந்தால் சுவரில் கல் மாதிரி பிடிக்கும். நாற்றம்தான் தாங்காது. மாட்டுக் கொம்பை எரித்தது போல இருக்கும். வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து வாசலிலேயே நிற்பார். "இன்னாடி, இன்னிக்கும் உன் ரெண்டாவது புருஷனுக்கு விருந்தா?" என்பார். சுவருக்கு அவர் வைத்த பெயர் அது. நல்ல மனிதர். தடுத்ததும் இல்லை, நின்று பார்த்ததும் இல்லை.

ஒரு படம் முடிந்தால் சில நாள் அதைப் பார்ப்பேன். பிறகு சீமைச் சுண்ணாம்புத் தூளை வஜ்ஜிரத்தில் குழைத்து அதன் மேல் வெள்ளை போடுவேன். காய்ந்ததும் அதன் மேல் அடுத்த படம். இருந்தது ஒரே சுவர். பழைய படத்தை வைத்துக்கொண்டால் புதுப் படம் கிடையாது. இதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை. சமைத்ததை வைத்துக்கொண்டா இருக்கிறோம்?

செலவுக்கு என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டு நோட்டில் படம் போட்டுக் கொடுத்தேன். ஆவடி, திருமுல்லைவாயில், பருத்திப்பட்டு என்று சுற்று வட்டாரத்தில் சயின்ஸ் குரூப் எடுத்த பிள்ளைகள் எல்லாம் பிராக்டிகல் பரீட்சை நெருங்கும்போது என் வீட்டுக்கு வருவார்கள். தவளையின் ஜீரண மண்டலம், கரப்பான் பூச்சியின் வாய், செம்பருத்திப் பூவின் நீள்வெட்டு. கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அந்தப் பக்கத்தில் டாக்டரான எத்தனையோ பேர் என் தவளையைக் காட்டித்தான் மார்க் வாங்கினார்கள். ஒரு பையனின் அம்மா, "கொஞ்சம் சுமாரா போட்டுக் குடும்மா, அவனே போட்ட மாதிரி இருக்கட்டும்" என்றாள். சுமாராகப் போட எனக்கு வராது என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சேலையில் பெயிண்டிங் செய்து கொடுத்தேன். வளைகாப்புக்கு வாசல் கோலம் போட்டேன். இதையெல்லாம் கலைக்கு நான் செய்த தியாகம் என்று யாராவது எழுதினால் எனக்குப் பிடிக்காது. காவித்தூள் வாங்க வேண்டியிருந்தது. வாங்கினேன்.

பக்கத்து வீட்டுத் திருநெல்வேலிக்காரி என்னைவிடச் சின்னவள். என்னை யக்கா என்பாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று. பீரோ நகரும் சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்கும். தினமும் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு பீரோவைக் குடைந்துகொண்டிருந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? நான் நகையை எடுத்துப் போட்டுப் பார்த்து அழகு பார்ப்பதாக பிளாக் முழுக்கப் பேச்சு. அவள் ஒரு நாள் நேராகவே கேட்டாள். "யக்கா, தெனமும் எண்ணிப் பாத்தாக் கூடவா செய்யும்?" எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. என் நகை எல்லாம் அடகுக் கடையில் இருந்தது அவளுக்கு எங்கே தெரியும்?

அவளுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. அப்போது நான் அவளைத்தான் வரைந்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஜன்னலுக்கு நேரே பிளாக்கின் பொதுக் குழாய். மத்தியானத்தில் தண்ணீர் விடுவார்கள். அவள் தலைக்குக் குளித்த ஈர முடியை விரித்துவிட்டு, இடுப்பில் குடத்தோடு, இன்னொரு கையின் பின்புறத்தால் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி வேப்பமரத்தடியில் ஒரு நிமிடம் நிற்பாள். தூக்கிக்கொண்டு நடப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு. அந்த நிற்றலை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. உடம்பின் பாரம் முழுக்க ஒரு காலில் இருக்கும். குடத்தின் பாரத்துக்கு இடுப்பு ஒரு பக்கம் வெளியே தள்ளும். மாதக் கணக்கில் போட்டேன், அழித்தேன், போட்டேன். கடைசியில் ஒரு நாள் வந்துவிட்டது. வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. வழக்கப்படி வெள்ளை போட வேண்டும். முதல் தடவையாக எனக்குக் கை வரவில்லை. அங்கே ஒரு தீற்று, இங்கே ஒரு தீற்று என்று அதையே நோண்டிக்கொண்டு இருந்தேன். புதிதாக ஒன்றும் வரையவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி யாரோ வரப்போகிறார் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சுண்ணாம்பு அடிக்க உத்தரவு வந்தது. புது காண்டிராக்டர். புது மேஸ்திரி. பழைய வழக்கம் தெரியாதவர். நான் பின்பக்கம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே கர்ரென்று சத்தம். ஓடி வந்தால் நாலு ஆட்களும் சேர்ந்து பீரோவை அறை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். செருப்பு வாசலில் கிடந்தது.

"இன்னாமா இது, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நாங்கபாட்டுக்கும் பீடி குடிச்சிக்கினு வந்துட்டோம்."

"எதைச் சொல்றது?"

"ஆத்தா உள்ள கீறான்னு சொல்றதுக்கு இன்னா?"

நான் சுவரைப் பார்த்தேன். அப்போதுதான் அது என் கண்ணுக்கும் அப்படித் தெரிந்தது. காவி விலை குறைச்சல் என்று பின்னணி முழுக்கச் சிவப்பாக அடித்திருந்தேன். தோலுக்கு என்னிடம் இருந்தது மஞ்சள் தூள் ஒன்றுதான். முகம் மஞ்சள். விரித்த கூந்தல். இடுப்பில் குடம். தலைக்கு மேல் வேப்பிலை. போதாக்குறைக்கு வருடக் கணக்கில் தவளைக் கண் வரைந்து பழகிய கை, கண் கொஞ்சம் பெரிதாகவே விழுந்திருந்தது.

"அது சாமி இல்லீங்க. தண்ணி பிடிக்கிற பொம்பள. நான் வரைஞ்சது. நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றேன். அவர்கள் வேலையைப் பார்த்தால் படம் போய்விடும். பொய் சொல்லவும் எனக்கு வராது.

மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "சாமி இல்லன்னா இன்னாத்துக்கு மா பீரோவ வெச்சு மறைச்சிக்கினு கீற?"

எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். அந்த ஆள் கேட்டதைப் போல ஒரு கேள்வி யாரும் கேட்டதில்லை.

"நான் கை வெக்க மாட்டேன் தாயி. எனக்குப் புள்ள குட்டி கீது." மற்ற சுவர்களை அடித்துவிட்டு, படத்தைச் சுற்றி நூல் பிடித்தது போல விளிம்பு விட்டு, போய்விட்டார்கள். பீரோவைத் திரும்பத் தள்ளச் சொன்னேன். ஆத்தா முகத்தில் பீரோவை இடிக்க ஒருத்தனும் தயாராக இல்லை. அது அறை நடுவிலேயே நின்றது.

சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது. முதலில் வந்தவள் பக்கத்து வீட்டுக்காரிதான். அவள் பையனுக்கு அம்மை போட்டு, இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியது அந்த வாரம்தான். வாசலிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "எம்புள்ளையக் காப்பாத்துனவ இம்புட்டுப் பக்கத்துலயா இருந்தா! நடுவுல ஒத்தச் செவருலா யக்கா!"

"சாமி இல்லடி. நான் வரைஞ்ச படம்."

"வரையாம சாமி எப்படி வரும்? கோயில்ல மட்டும் என்ன, யாரோ செஞ்சதுதான?"

எல்லோரிடமும் சொன்னேன். ஒருத்தி விடாமல், வந்தவளிடமெல்லாம், இது சாமி இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சொல்லச் சொல்ல நம்பிக்கை கூடியது. மாயவரத்து மாமி, "பெருமையடிச்சுக்காம இருக்கா பாரு, அதான் அவளண்ட வந்திருக்கா" என்று என் காதுபடவே சொன்னார். செவ்வாய், வெள்ளி வந்தால் அறையில் கால் வைக்க இடம் இருக்காது. வீட்டுக்காரர் நடு அறையில் நிற்கும் பீரோவில் இடித்துக்கொண்டு, "இன்னாடி, ஒரு உண்டியல் வெச்சிட்டா நான் வேலைய உட்டுடலாம் போலகீதே" என்றார். நான் கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். உள்ளூர எனக்கு அது பிடித்திருந்தது. அதுவரைக்கும் என் படத்தை யாரும் பார்த்ததில்லை. பார்ப்பது என்றால் சும்மா வந்து போவது இல்லை. அந்தப் பெண்கள் சாணி தட்டிய கையும் மாவு ஒட்டிய கையுமாக வந்து நின்று அசையாமல் பார்த்தார்கள். பாதத்தைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், முகத்தில் எதையோ தேடினார்கள். இன்றைக்குக் கூடத்துக்கு வருகிறவர்கள் ஒரு படத்தின் முன்னால் வடை தின்கிற நேரம்கூட நிற்பதில்லை. எனக்கு அப்படிப்பட்ட பார்வையாளர்கள் அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. அதை நினைத்தால் இன்னமும் ஏக்கமாக இருக்கிறது.

ஆனால் மத்தியானம் போய்விட்டது. சங்கு ஊதி ஆண்கள் போனதும் நான் கதவைச் சாத்த முடியவில்லை. யாராவது பூவோடு நிற்பார்கள். கதவைச் சாத்தினாலும் எந்தச் சுவரில் வரைவது? இருந்த ஒரு சுவருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். படத்தின் நெற்றியில் ஒருத்தி குங்குமம் வைக்க, அது நான் உயிரைக் கொடுத்துப் போட்ட வியர்வைக் கோட்டின் மேல் அப்பிக்கொண்டது. கற்பூரப் புகை ஏறி வேப்பிலை கறுத்தது. எனக்கு ராத்திரியில் விரல் அரித்தது. வரையாத விரல் அரிக்கும். வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். ரெக்கார்டு நோட்டுக்குத் தவளை போட உட்கார்ந்தால் தவளைகூட வரவில்லை. கோணலாக வந்தது. என் வாழ்க்கையில் கோணலான தவளை அது ஒன்றுதான்.

பிறகு ஆடி மாதம் வந்தது. கூழ் ஊற்றும் பேச்சு கிளம்பியது. படத்தைச் சுற்றிக் கம்பிக் கதவு போட வேண்டும், குழந்தைகள் கை வைக்கிறார்கள் என்று முடிவு செய்தார்கள். என் வீட்டில் உட்கார்ந்து, என்னைக் கேட்காமல் முடிவு செய்தார்கள். கம்பி போட்டால் சுவர் போனது போனதுதான் என்று எனக்குப் புரிந்தது. படம் பிழைத்துக்கொள்ளும். நான் முடிந்தேன்.

மறுநாள் மத்தியானம் நான் படத்தின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி குழாயிலிருந்து நேராக வந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஆத்தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது அவள் வழக்கமாகியிருந்தது. ஈரத் தலை. இடுப்பில் குடம். அறை வாசலில் நின்று, கையின் பின்புறத்தால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்தாள். அதே கால். அதே இடுப்பு. சுவரிலும் அவள். வாசலிலும் அவள். எனக்குத் தாங்கவில்லை.

"ஏய், உன்னையே நீ கும்பிட்டுக்கிட்டு நிக்கிறேடி."

"என்னக்கா சொல்லுதீய?"

"அது நீதான். அந்த ஜன்னல்லேர்ந்து பாத்து வரைஞ்சேன்."

"சும்மா இருங்க யக்கா, சாமி வெளாட்டா?"

"குடத்தைப் பாரு."

அவள் குடம் பிளாஸ்டிக். வாய் ஓரம் உடைந்து, கத்தியைக் காய்ச்சிச் சூடு வைத்து அவளே ஒட்டியது. ஒட்டிய இடம் கறுத்து, அட்டை மாதிரி தடித்திருக்கும். அதை நான் விடாமல் வரைந்திருந்தேன். அவள் சுவரில் இருக்கும் குடத்தின் வாயைப் பார்த்தாள். குனிந்து தன் இடுப்பில் இருக்கும் குடத்தைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"இது எங்குடம்லா!"

குடத்திலிருந்துதான் அவள் மேலே போனாள். கைக்கு, தோளுக்கு, முகத்துக்கு. குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"எங்கை இம்புட்டுத் தடியாவா இருக்கு?" என்றாள்.

"இருக்கு."

"ஒரு பேச்சுக்காவது இல்லைன்னு சொல்லுதியளா பாரு." சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று பயந்துவிட்டாள். "யக்கா, உசுரோட இருக்கவளுக்குக் கற்பூரம் காட்டலாமா? அத்தனை பேரும் காட்டிருக்காவ. நானே காட்டிருக்கேன்! அழிச்சிருங்க. இப்பமே அழிச்சிருங்க."

"உன் புள்ளைக்கு அம்மை இறங்கினது?"

"அது அவ எறக்குனா. அவ கோயில்ல இருக்கா. நான் இங்க செவத்துல நிக்கதப் பாத்து அவளுக்குச் சிரிப்பா இருக்கும்."

கூழ் ஊற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். நான் ஸ்டவைப் பற்றவைத்து வஜ்ஜிரத்தை ஏற்றினேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இந்த நாத்தம்தானா அது! நீங்க கருவாட்டத் தீய விடுதியன்னுல்லா நெனச்சேன் இத்தன நாளும்." சீமைச் சுண்ணாம்பைக் குழைத்தேன். அவள் சட்டியைப் பிடித்துக்கொண்டாள். என் கை மேலே போகவில்லை. வரைந்து முடித்த நாளிலிருந்து போடத் தெம்பில்லாத வெள்ளை அது. நான் வரைந்ததில் அதுதான் உருப்படியானது என்று எனக்குத் தெரியும். கம்பிக் கதவுக்கு உள்ளே அது இருக்கும். நான் வெளியே இருப்பேன். அப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க அதற்குக் காவல் இருக்க எனக்கு முடியாது. எனக்கு நாளைக்கு வரைய வேண்டும்.

காலிலிருந்து ஆரம்பித்தேன். பாதம், சேலை, குடம். இடுப்புக்கு வந்தபோது தூரிகையை மறுபடி சட்டியில் தோய்த்தேன். அவள் பக்கத்தில் நின்று, "மொகத்தக் கடைசியா அடிங்க" என்று மட்டும் சொன்னாள். கடைசியாக அடித்தேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பீரோவைத் தள்ளிப் பழைய இடத்தில் சாத்தினோம்.

யாருக்கும் நான் கதை கட்டவில்லை. "அழிச்சிட்டேன்" என்றேன். ஏன் என்று கேட்டவர்களிடம், "என் சுவர்" என்றேன். குவார்ட்டர்ஸ் சுவரை என் சுவர் என்றதும் பெரிய பேச்சாயிற்று. மாயவரத்து மாமி வருடக் கணக்கில் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. படத்தில் இருந்தது யார் என்று நாங்கள் இரண்டு பேரும் வெளியே விடவில்லை. அவளைக் கேலி செய்தே கொன்றிருப்பார்கள்.

சில மாதம் கழித்து அவளே வந்தாள். "இனிமே என்னைய வரையணும்னா ஒளிஞ்சு நின்னு வரையாதீய. சொல்லுங்க, நான் நல்ல சேல உடுத்திக்கிட்டு வாரேன்." வந்தாள். கல்யாணப் பட்டு, தலை நிறையப் பூ, ஸ்டூடியோ போட்டோவுக்கு உட்காருவது போல விறைப்பாக. வரைந்தேன். என் வாழ்நாளில் நான் வரைந்ததில் அது படுமட்டம். அவளுக்கு அதுதான் பிடித்தது. அதற்கும் வெள்ளை போட்டேன், அவள் எதிரிலேயே. "அடடா, இதுலதான் கை ஒல்லியாப் போட்டிருந்தீய" என்று வருத்தப்பட்டாள்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கூழ் ஊற்றி முடிந்து எல்லாம் அடங்கிய பிறகு, ஒரு மத்தியானம் மறுபடி கதவைச் சாத்திப் பீரோவை நகர்த்தினேன். கர்ரென்று சத்தம். வெளியே யாரோ ரெக்கார்டு நோட்டோடு வந்து கதவைத் தட்டப் போனார்கள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் வாசலுக்கு வந்து உரக்கச் சொன்னது எனக்குக் கேட்டது.

"அக்கா வேலையா இருக்காவ. அப்புறம் வாங்க."

தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். அதுவரைக்கும் அதை யாரும் வேலை என்று சொன்னதில்லை. கிறுக்குவது, பொழுது போவது, பைத்தியம். என் வாயால் நானே வேலை என்று சொன்னதில்லை. அதற்குப் பிறகு அந்தக் குவார்ட்டர்ஸில் இருந்த வருடமெல்லாம், பீரோ சத்தம் கேட்ட மறுநிமிடம் அவள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைப்பாள், கீரை ஆய்வாள், பையனை அதட்டுவாள். என் கதவை ஒருத்தரும் தட்ட முடியாது. பால்காரனையே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

தொண்ணூறுகளின் பாதியில் அவள் வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள். போகிற அன்று அந்தக் குடத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். "வழியில ஒடஞ்சிரும். நீங்க வச்சுக்கிடுங்க. அதுல உங்க பிரஷ்ஷக் கழுவுங்க" என்றாள். அப்புறம் எங்களுக்கும் ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போ பக்கம் ஒரு மனை அமைந்து வீடு கட்டினோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று சுவரில் அரைகுறையாக ஒரு படம் இருந்தது. வெள்ளை போடவில்லை. புதுக் குடும்பத்துப் பெண்ணிடம், "அந்தச் சுவர்ல ஒரு படம் இருக்கு" என்றேன். "பரவால்லைங்க, எங்க பீரோ வருது" என்றாள்.

இப்போது எனக்கு வரைவதற்கென்றே மாடியில் ஒரு அறை இருக்கிறது. நாலு சுவர், கதவு, தாழ்ப்பாள், பெரிய ஜன்னல். பழைய படங்களை அழிக்க வேண்டிய அவசியம் இல்லை. அடுக்கி வைத்துத் தூசி தட்டுகிறேன். பீரோ கீழ் அறையில் துணி வைக்கப் பயன்படுகிறது. எல்லாம் வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் காலிங் பெல் அடித்துக்கொண்டே இருக்கிறது. கூரியர், கேஸ், ஓட்டு கேட்கிறவன், கோயில் வசூல், பேட்டி எடுக்க வருகிற பிள்ளைகள். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார ஆள் இல்லை.

அதனால் நானே செய்துகொள்கிறேன். பெல் அடித்தால், தூரிகையைக் கீழே வைக்காமல், மாடி ஜன்னலிலிருந்து அவள் குரலில் கத்துகிறேன்.

"அக்கா வேலையா இருக்காவ. அப்புறம் வாங்க!"

போய்விடுகிறார்கள்.